துபாஷிக்குத் தொண்டை கட்டிய நாள்

தொண்டை டாக்டருக்கு முன்னால் 'ஆ' என்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தவளைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், தாடை வலித்திருக்கும். மூடிக்கொள்ளட்டும்.

டாக்டரும் அதையேதான் சொன்னார்.

"ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது. தொண்டைக்கு அது இன்னும் கெடுதல்."

எழுதிக் காட்டலாமா என்று அவள் கையை அசைத்துக் கேட்டாள்.

"எழுதுங்க, யார் வேண்டாம்னா? ஆனா நாளைக்கு என் பேஷன்ட்டுக்கெல்லாம் யார் பேசுவா?" டாக்டருக்குத் தன் கவலை.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. துபாஷி என்பது அவளுக்குக் கணவர் வைத்த பெயர். பழைய காலத்தில் கப்பல் வியாபாரிக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவே நின்று இரண்டு மொழியும் பேசியவர்களை அப்படிச் சொல்வார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, அன்றைக்கே கூப்பிட ஆரம்பித்தார். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே உட்காரும் வேலை. நான்கு மொழி சரளமாக வரும். மாத்திரையை ஒரு மொழியில் எண்ணுவாள், மார்க்கெட்டில் இன்னொன்றில் பேரம் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. நோயாளி "எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றால், இவளும் "எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றுதான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "அவருக்கு அடைக்குதாம்" என்கிற பேச்சே கிடையாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. தனக்காக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்" என்று யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத்தான் கேட்கலாம். இதில் அவள் கறார். கோர்ட்டில் இதே வேலை பார்க்கும் தன் மகளுக்கும் இதையே ஊட்டி வளர்த்தவள்.

வீட்டில் மட்டும் வேறு சட்டம்.

மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில் வேற்று மொழி. சம்பந்தியம்மா, மருமகனுடைய தாயார், தையல் கடை வைத்திருப்பவர். அவருக்குத் தமிழ் தெரியாது. லிஃப்ட்காரருக்கு அவர் மொழி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளும் மருமகனும் சாமான் வாங்கப் போகிற நேரம் பார்த்து அந்த அம்மா போன் செய்வார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் துபாஷி உட்காருவாள்.

"அந்தம்மா இன்னும் எவ்வளவு நேரம் பேசுவாங்க? எனக்குப் பசிக்குது" என்பார் இவர். "உங்ககிட்ட பேசினா நேரம் போறதே தெரியலையாம்" என்று அந்தப் பக்கம் போகும்.

"உன் வீட்டுக்காரர் ஏன் இப்படிக் கத்துறார்? நான் என்ன கிணத்துக்குள்ளயா இருக்கேன்?" என்பார் அந்த அம்மா. "உங்க குரல்ல ஒரு கம்பீரம் இருக்காம்" என்று இந்தப் பக்கம் வரும்.

இரண்டு பேருமே வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ரகம். நடுவில் இருந்தவள் இரண்டு பக்கமும் சர்க்கரை போட்டாள். மூன்று வருஷத்தில் அவர்கள் உயிருக்குயிரான சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள்.

அப்புறம்தான் கீழ் வீடு காலியானது. மருமகனுக்கும் வேலை இந்தப் பக்கம் மாற்றலாகியிருந்தது. அங்கே குடிவந்துவிடலாம் என்று மகளுக்கும் அவனுக்கும் ஆசை. "நீயே ரெண்டு பேர்கிட்டயும் பேசிப் பாரும்மா. உனக்குத்தான் ரெண்டும் வரும்" என்றாள் மகள். துபாஷி பேசிப் பார்த்தாள்.

"என் பையனைக் கூட்டிட்டுப் போகணும்னா முதல்ல என்னைத் தூக்கிட்டுப் போகட்டும்" என்றார் சம்பந்தியம்மா. அது "கொஞ்சம் யோசிக்கணுமாம், பிள்ளைங்க சந்தோஷம்தான் முக்கியமாம்" என்று வந்து சேர்ந்தது. அந்த அம்மா சரி சொல்லிவிட்டதாக இவர் எடுத்துக்கொண்டார்.

"என் பொண்ணு என்ன அவங்க கடை ஹேங்கர்ல தொங்குற சட்டையா?" என்றார் இவர். அது "உங்க மனசு நோக எதுவும் செய்ய மாட்டாராம்" என்று போய்ச் சேர்ந்தது. இவர் விட்டுக்கொடுத்துவிட்டதாக அந்த அம்மா எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்திருந்தால் எப்போதோ வேலை போயிருக்கும். விட்டுக்கொடுத்த பெரிய மனிதருக்கு நேரில் நன்றி சொல்ல, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இன்று சம்பந்தியம்மா வீட்டுக்கு வருகிறார். துபாஷிக்கோ பேச்சு இல்லை.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது லிஃப்ட்காரர் லீவு போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைச் சைகையில் சொன்னாள்.

"ஒரு வாரம் பேச முடியாதா?" என்று கவலைப்பட்டார். கவலைக்கு அடியில் முகம் லேசாக மலர்ந்ததை அவள் பார்க்காமல் இல்லை. "பரவால்ல விடு. நானும் சம்பந்தியம்மாவும் பழகினவங்க. நாங்க சமாளிச்சுக்குவோம்."

அவள் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்: 'வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம்.'

"கண்ணாடி கீழ இருக்கு. காலையில பாத்ரூம் கதவுக்குப் பெயின்ட் அடிச்சேன்ல, அங்கேயே வெச்சுட்டேன். அப்புறமா படிக்கிறேன்."

கீழே என்றால் அந்தக் காலி வீட்டில். வீட்டுச் சொந்தக்காரரிடம் சாவி வாங்கி, குடிவராத வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. துபாஷி அவசரமாக மகளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்: 'இன்று நீ வர வேண்டாம்.' கோர்ட்டிலிருந்து பதில் வந்தது: 'அரை நாள் லீவு சொல்லிட்டேன். அத்தைக்கும் அப்பாவுக்கும் நடுவுல நான் இருக்கேன், நீ ரெஸ்ட் எடு.'

சம்பந்தியம்மா மூன்று மாடியும் ஏறி வந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒரு உதிரிபாகத்துக்காகக் காத்துக் கிடந்தது. மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்பது அண்டை அயலுக்கு அவரவர் மொழியில் சொல்லிச் சிரிக்க வசதியாக இருந்தது.

"இவர் பார்க்கிற லட்சணம் இதுதானா?" என்று வாசலிலேயே மூச்சிரைத்தார் சம்பந்தியம்மா. அவர் பேசியது அவருடைய மொழியில்தான். துபாஷியின் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே இங்கே தருகிறேன்.

லிஃப்ட்காரர் துபாஷியைப் பார்த்தார். அவள் கையிரண்டையும் கூப்பிப் புன்னகை செய்து காட்டினாள்.

"வணக்கம் சொல்றாங்களா? வாங்க, வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார் இவர், அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

"இப்பவும் கத்துறார்" என்றார் சம்பந்தியம்மா.

ஆனால் முகத்தில் கோபம் இல்லை. பையைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒரு சட்டையை எடுத்து நீட்டினார். அளவு எடுக்காமலே தைத்த சட்டை. போட்டுப் பார்த்தால் தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"பார்த்தியா துபாஷி, வீட்டுக்குச் சம்மதம் சொன்னதோட இல்லாம சட்டையும் தைச்சுக் கொண்டு வந்திருக்காங்க. மனுஷின்னா இவங்க மனுஷி."

துபாஷி சுவரைப் பார்த்தாள்.

அடுத்து அவர் அவள் போனை வாங்கி, மொழி மாற்றிச் சொல்கிற எதையோ திறந்து, "நம்ம புள்ளைங்க விஷயத்துல நீங்க காட்டின பெருந்தன்மை இருக்கே" என்று போனுக்குள் கத்தினார். போன் சற்று யோசித்துவிட்டு, நாளைக்கு மழைக்கு வாய்ப்பில்லை என்கிற மாதிரி எதையோ சொன்னது. சம்பந்தியம்மா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்று தலையாட்டினார். துபாஷிக்கு உயிர் திரும்பி வந்தது.

"இது சரிப்படாது. நேரா காட்டிடறேன்" என்று அவர் சாவிக்கொத்தை எடுத்தபோது மறுபடியும் போய்விட்டது.

துபாஷி வழியை மறித்து நின்றாள். சாப்பாட்டு மேஜையைக் காட்டினாள். தண்ணீர்ச் செம்பைக் காட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சாப்பாடு எங்க போயிடப் போகுது? வந்து சாப்பிடுவாங்க. நீங்க வாங்கம்மா" என்று சம்பந்தியம்மாவுக்கு வழிகாட்டிக்கொண்டு அவர் இறங்கிவிட்டார்.

கீழ் வீடு வெறுமையாகக் கிடந்தது. ஒரு ஏணி, இரண்டு பெயின்ட் டப்பா, பழைய நாற்காலி ஒன்று. தும்மினால் இரண்டு தும்மல் கேட்கிற எதிரொலி. அவர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். "இது ஹால். இது அவங்க ரூம். இங்க ஒரு அலமாரி அடிக்கலாம்."

சம்பந்தியம்மா துபாஷியின் காதருகில் குனிந்தார். "இப்பத்தான் புரியுது. யாரோ தெரிஞ்சவங்க இங்க குடிவராங்க போல. திரைச்சீலைக்கு என்னை அளவு பார்க்கச் சொல்றார். நேரடியாக் கேக்கக் கூச்சம். பாவம், ரொம்ப மென்மையான மனுஷன்." கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஜன்னல் ஜன்னலாக அளக்க ஆரம்பித்துவிட்டார்.

லிஃப்ட்காரர் மனைவியின் தோளை இடித்தார். "ஜன்னலுக்கு அளவெடுக்கிறாங்க பார். இதுக்கு மேல என்ன வேணும்?"

இரண்டு பேரும் இரண்டு வேறு காரணங்களுக்காக ஒரே நேரத்தில் ஆனந்தமாக இருந்தார்கள். நடுவில் ஒருத்தி வாயடைத்து நின்றாள். மகள் வழியில் எங்காவது டிராபிக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாய் வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான் இருக்கும்.

மகள் நேரத்துக்கு வந்தாள். கோர்ட்டுக்குப் போட்ட கருப்புக் கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"மேல யாரையும் காணோமேன்னு பார்த்தேன். என்ன எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" அப்பாவிடம் தமிழில் கேட்டாள், அத்தையிடம் அவர் மொழியில் கேட்டாள், அம்மாவின் கன்னத்தைத் தட்டினாள். "உன்னால முடியலன்னா என்னம்மா, நான் இருக்கேன்ல."

துபாஷி அவள் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"அவளை விடு துபாஷி, முதல்ல பேசட்டும்" என்றார் கணவர். "வா கண்ணு. மனசுல இருக்கிறதையெல்லாம் சம்பந்தியம்மாகிட்ட சொல்லணும். வார்த்தை விடாம சொல்லு."

"வார்த்தை விட மாட்டேம்ப்பா. அம்மா ட்ரெய்னிங்." மகள் இருவருக்கும் நடுவில் ஒரு அடி பின்வாங்கி நின்றுகொண்டாள். வேலையில் நிற்கிற இடம் அது. முகத்திலிருந்து மகளும் மருமகளும் இறங்கிப் போய், மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேருக்கும் சொல்லிடறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்."

துபாஷி அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் சம்பந்தியம்மா பேசினார். மகள் தமிழில் சொன்னாள்: "நான் நன்றி சொல்லத்தான் வந்தேன். என் பையனை என்கிட்டயே விட்டுட்டீங்க. பெரிய மனசு உங்களுக்கு."

லிஃப்ட்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. "விட்டுட்டேனா? யார் விட்டா?"

அதுவும் அப்படியே போயிற்று.

"என் மனசு நோக எதுவும் செய்ய மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? என் பொண்ணு என்ன உங்க கடை ஹேங்கர்ல தொங்குற சட்டையான்னுதான் கேட்டேன்."

மகள் ஒரு நொடி தயங்கினாள். அந்தச் சட்டை தான்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. தொழில் தொழில்தான். 'என் பொண்ணு' என்று தன்னையே சொல்லி, ஹேங்கரோடு சேர்த்து அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.

சம்பந்தியம்மா டேப்பை மெதுவாகச் சுருட்டினார்.

"அப்படியா? அப்போ இதையும் கேட்டுக்கோங்க. என் பையனைக் கூட்டிட்டுப் போகணும்னா முதல்ல என்னைத் தூக்கிட்டுப் போங்க. ரெண்டு பேர் போதாது, நான் கனம்."

"யோசிக்கணும்னு சொன்னீங்களே!"

"நான் எதையும் யோசிக்கிறவ இல்ல. என்னைத் தெரிஞ்சவங்க யாரை வேணும்னாலும் கேளுங்க."

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் நாற்காலிப் பக்கம் திரும்பின. மகளின் தலை கடைசியாகத் திரும்பியது.

"அம்மா," என்றாள் அவள், "நீயா?"

துபாஷி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"தொண்டை இப்பத்தானே கட்டுச்சு? மூணு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தே?" என்றார் கணவர். "அப்போ லிஃப்ட் ஷாஃப்ட்டுக்குள்ள இறங்கும்போது சேஃப்டி பெல்ட் போடுங்க, போடலைன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராதுன்னு இந்தம்மா சொன்னது?"

மகள் மொழிமாற்றினாள். சம்பந்தியம்மாவின் புருவம் உயர்ந்தது. "என்ன பெல்ட்? என்ன ஷாஃப்ட்? இவர் எதுக்குள்ள இறங்கினா எனக்கென்ன? நான் நல்லாத் தூங்குறேன்."

லிஃப்ட்காரர் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இருபது வருஷம் மனைவி சொல்லியும் போடாத பெல்ட்டை, சம்பந்தி மனசு கஷ்டப்படக் கூடாதே என்று மூன்று வருஷமாகத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

சம்பந்தியம்மாவுக்கும் ஏதோ உறைத்தது. குரல் இறங்கியது. "அப்போ, என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாச்சான்னு வாராவாரம் கேட்டது?"

மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

"நான் கேக்கல" என்றார் லிஃப்ட்காரர். மனிதருக்குப் பொய் வராது. "உங்களுக்குக் கண்ணுல என்ன?"

அந்த அம்மா நாற்காலி வரைக்கும் வந்து, துபாஷியின் எதிரில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில நான் துணி வெட்டுறதை நிறுத்திட்டுப் போன் பக்கத்துல போய் உட்காருவேன். இப்படி ஒரு மனுஷன் நம்மகிட்ட அக்கறையாப் பேசுறாரேன்னு. அப்போ, நான் காத்துக்கிட்டிருந்தது உனக்காகத்தானா?"

துபாஷிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பேன்."

"அப்பாவுக்கு இதையும் சொல்லணுமா?" என்று மகள் அம்மாவைக் கேட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லு" என்றார் அப்பா. "இனிமே இந்த வீட்ல ஒரு வார்த்தை மிச்சம் வைக்கக் கூடாது." சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார். "நானும் சொல்லிடறேன். என் பொண்ணு இங்கதான் இருக்கணும். இந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கேன்."

"கதவுக்குப் பெயின்ட் அடிச்சா என் பையன் உங்களுக்கா? அப்படிப் பார்த்தா உங்க சட்டையை நான் தைச்சிருக்கேன்."

"சட்டையைக் கழட்டித் தரட்டுமா?"

"கழட்டுங்க, பார்ப்போம். தோள்ல அப்படி ஒரு தையல் உங்களுக்கு வேற எங்க கிடைக்கும்?"

அவர் கழற்றவில்லை. காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெற்று வீட்டில் சண்டை எதிரொலித்தது. ஒவ்வொன்றும் இரண்டு மொழியில், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. துபாஷி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தக் கண்ணாடிச் சாமான் உடைந்துவிடும் என்று இத்தனை நாள் பஞ்சில் சுற்றிச் சுற்றி வைத்தாளோ, அது கீழே விழுந்து கணீர் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பித்தளை.

அப்புறம்தான் மகளைக் கவனித்தாள். "என் பொண்ணு இங்கதான் இருப்பா" என்று அவள் வாய் ஒரு மொழியில் சொன்னது. "என் மருமக எங்கயும் வர மாட்டா" என்று அதே வாய் இன்னொரு மொழியில் சொன்னது. குரல் மாறவில்லை. கோட்டுப் பொத்தானை மட்டும் திருகிக்கொண்டே இருந்தாள்.

துபாஷி எழுந்து நின்று பலமாகக் கை தட்டினாள். வீடே கை தட்டியது. இருவரும் நிறுத்தினார்கள். அவள் மகளைக் காட்டினாள்.

மகள் மூச்சை இழுத்து விட்டாள். முதலில் அத்தையின் மொழியில், பிறகு தமிழில் சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளர் ஒண்ணு சொல்லணும்கிறார்."

"யாரு?" என்று அப்பா திரும்பி வாசலைப் பார்த்தார்.

"நான்தாம்ப்பா."

"ஓ. சொல்லச் சொல்லு."

"மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வீட்ல ஒரு குறையும் இல்ல. அத்தை நல்லவங்க. ஆனா மூணு வருஷமா அவர் யார்கிட்டயும் ஒழுங்காக் கோச்சுக்கல. கோபம் வந்ததும் அதை அத்தை மொழியில எப்படிச் சொல்றதுன்னு மனசுக்குள்ள தேடுவார். வார்த்தை கிடைக்கிறதுக்குள்ள கோபம் ஆறிடும்."

"அது நல்லதுதானே" என்றார் சம்பந்தியம்மா.

"அது நல்லதுதானே" என்றார் லிஃப்ட்காரர், அந்த அம்மா சொன்னது என்னவென்று தெரியாமலே.

மகள் கடமை தவறாமல் இரண்டையும் மாற்றிச் சொன்னாள். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"நல்லது இல்ல" என்றாள் மகள். "மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு மாடி ஏறினா தமிழ்ல சண்டை போட ஆள் வேணும். சண்டை போட்டுட்டு இறங்கி வந்து தன் வீட்ல படுத்துக்கணும். அவர் வீட்டுக்காரருக்கும் இங்க வர ஆசை, அவங்க அம்மாகிட்ட சொல்லப் பயம். ஆனா அத்தை மனசார அனுப்பாம ரெண்டு பேரும் வர மாட்டாங்க. இந்த வீடு யாருக்கோ அவங்ககிட்ட இங்க இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் முடிச்சுக்கிறார்."

மகளின் கை கோட்டுப் பொத்தானை விட்டது.

"நான் இவளுக்கு நிதானம் ஜாஸ்தின்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டிருந்தேன்" என்றார் சம்பந்தியம்மா. கையிலிருந்த டேப்பையும் ஜன்னலையும் பார்த்தார். "அப்போ இந்தத் திரைச்சீலை..." முடிக்காமல் சிரித்துவிட்டார். வயிறு குலுங்க வந்த சிரிப்பு அது. சட்டென்று நின்றும் போனது.

"சரி. அவர்கிட்ட சொல்லு. ஒருத்தர் பையனைக் கேக்குறதுன்னா வாயைத் திறந்து கேக்கணும். இந்த மனுஷன் என்கிட்ட ஒரு தடவையும் கேக்கல. கேட்டதெல்லாம் உங்கம்மா. இனிமே அவர் கேக்கட்டும், என் மொழியில, தானே. உங்கம்மாவும் சொல்லித் தரக் கூடாது, நீயும் சொல்லித் தரக் கூடாது. 'தயவுசெய்து'ன்னு ஆரம்பிக்கணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன். கேட்டா யோசிக்கிறேன்."

"யோசிக்கிறவ இல்லன்னாங்களே" என்றார் லிஃப்ட்காரர், மகள் சொல்லி முடித்ததும்.

"இப்போ ஆரம்பிச்சிருக்கேன்."

"இந்த வயசுல எனக்கு என்ன பரீட்சை?"

"தோத்தா என் பையன் என்கிட்ட. உங்க இஷ்டம்."

அவர் துபாஷியைப் பார்த்தார். முப்பது வருஷமாக எந்தக் கடையில், எந்த ஆபீஸில் எது வேண்டுமென்றாலும் அவள் வாயைத்தான் திரும்பிப் பார்த்துப் பழகியவர். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மகளைப் பார்த்தார். மகள் மொழிபெயர்ப்பாளராகவே நின்றாள்.

யாரிடமும் எதையும் அவர் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. இப்போது திரும்பி மேலே போய்விடுவார், கதவைச் சாத்திக்கொள்வார், இந்தப் பேச்சு இதோடு முடிந்தது என்று துபாஷி நினைத்தாள்.

அவர் போகவில்லை. புதுச் சட்டையின் கையை நீவிவிட்டுக்கொண்டார். நேராக நிமிர்ந்து நின்றார். கனைத்துக்கொண்டார். பிறகு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, ஒரு பெண் குரலின் இனிமையான ஏற்ற இறக்கத்தோடு, சம்பந்தியம்மாவின் மொழியில் ஒரு முழு வாக்கியத்தைச் சொன்னார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்த மொழியிலேயே வளர்ந்தவர்கள் கூட அத்தனை சுத்தமாகப் பேச மாட்டார்கள்.

துபாஷி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் எதையோ தேடினார்.

அங்கிருந்தவர்களில் சொன்னவர் ஒருவருக்குத்தான் தான் சொன்னதற்கு அர்த்தம் தெரியவில்லை. ஆகவே மகள் கூட்டாமல், குறைக்காமல் தமிழில் சொன்னாள்:

"தயவுசெய்து கதவில் சாய்ந்து நிற்காதீர்கள்."

"அதுவா அர்த்தம்?" என்றார் அவர். "புது லிஃப்ட் எல்லாத்துலயும் பெட்டிக்குள்ள இருந்து ஒரு அம்மா மூணு மொழியில சொல்லும். கதவை டெஸ்ட் பண்ணும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு. வேற எதுவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சதைச் சொன்னேன்."

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. டேப்பைக் கைப்பையில் போட்டு மூடினார். அவரை மேலும் கீழுமாக, அளவெடுக்கிற மாதிரி பார்த்தார்.

"முதல் வார்த்தை சரியா இருக்கு" என்றார் மருமகளிடம். "மிச்சத்தை ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்தச் சொல்லு."